மைனஸ் பதினைந்துக்கு ஒரு பை

1

கோயில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி கண்டி மஹய்யாவவிலிருந்து தம்பி குரல் செய்தி போட்டிருந்தான். "அக்கா, இந்தத் தையோட நீங்க கனடா போய் பத்து வருசம். எழுதுறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றான். நான் ஓஎல் பரீட்சை வரை படித்தவள். அதிலும் கணக்கு பெயில். பனி விழுகிற அழகைப் பற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பை வாங்கின கதையை எழுதுகிறேன். ஏன் அதை எழுதுகிறேன் என்பது வாசித்துக்கொண்டு போனால் விளங்கும்.

அந்தப் பைக்குப் பெயர் ஸ்லீப்பிங் பேக். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்வதென்றால், ஆள் உயரத்துக்குத் தைத்த தலையணை மாதிரி. பஞ்சு ஒரு பக்கம், மனுசர் ஒரு பக்கம் என்றில்லாமல், மனுசர் உள்ளே, பஞ்சு சுற்றிவர. உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டால் மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரியும். இங்கே ஆட்கள் வீட்டில் ஹீட்டரை வைத்துவிட்டு, வேண்டுமென்றே காட்டுக்குப் போய் பனியில் கூடாரம் அடித்து இதற்குள் படுக்கிறார்கள். காசு கொடுத்தும் படுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது என் மகள் தாரணியின் டீச்சர் போன் பண்ணினார். நான் காய்கறி வெட்டிப் பெட்டியில் அடைக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். அங்கே பேசுகிற இங்கிலீஷ் கரட், செலரி, சீக்கிரம், இவ்வளவுதான். டீச்சர் பேசியதில் பாதி விளங்கியது. "உங்கள் மதத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். தாரணி குளிர்கால முகாமுக்கு வராவிட்டாலும் மார்க்ஸ் குறையாது. நான் அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். நான் வழக்கம்போல "தேங்க் யூ, தேங்க் யூ" என்று நாலு தரம் சொல்லி வைத்துவிட்டேன். விளங்காததற்கெல்லாம் நன்றி சொல்லிப் பழகின வாய்.

வீட்டுக்கு வந்து படிவத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். எங்கள் மத நம்பிக்கையின்படி பெண் பிள்ளைகள் வெளியிடத்தில் கூடாரத்தில் தங்கக் கூடாதாம். அதனால் விலக்குக் கொடுக்க வேண்டுமாம். கீழே பெற்றோர் கையெழுத்து.

நாற்பத்திரண்டு வருசமாக நான் சாமி கும்பிடுகிறேன். இப்படி ஒரு கட்டளை எனக்கு வந்ததில்லை.

2

"எந்தச் சாமிடி சொன்னுச்சு, நீ கூடாரத்துல படுக்கக் கூடாதுன்னு?"

தாரணிக்குப் பதினாலு வயசு. நாலு வயசில் கூட்டிக்கொண்டு வந்தோம். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மா சொன்னேன்மா."

"சும்மா சொல்றதுக்கு ஒனக்கு சாமிதான் கெடச்சுச்சா?"

"மதம்னு சொன்னா இங்க யாரும் மேல கேக்க மாட்டாங்க. பை வாங்க முடியலன்னு சொன்னா கேப்பாங்க. ஸ்கூல்லயே ஒண்ணு இரவல் தருவாங்க. அதுல பெருசா ஸ்கூல் பேர் அடிச்சிருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"எங்கிட்ட கேட்டியா வாங்க முடியுமா முடியாதான்னு?"

"கேக்கணுமா? வாடகை கூடிருச்சுன்னு நீங்களும் அப்பாவும் பேசினது கிச்சன்ல இருந்து ரூமுக்குக் கேக்காதா? இது அவ்ளோ பெரிய வீடாம்மா?"

ஆறு வயசில் இந்தப் பிள்ளை விளக்கு ஏற்றும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடும். இப்போது கதவு நிலையில் ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கும், கற்பூரம் அணைந்ததும் போய்விடும். நான் ஒன்றும் சொல்வதில்லை. வயசு அப்படி, தானாக வரும் என்று விட்டிருந்தேன். ஆனால் சாமியைக் கும்பிடாமல் நிற்பது வேறு. வெட்கத்தை மறைக்க சாமியை முன்னால் இழுத்து நிறுத்துவது வேறு.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் விடியக்காலை வேலை. நித்திரைக்குப் போகிற நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார், "கையெழுத்தப் போட்டுட்டு விடேன். மைனஸ் பதினஞ்சுல புள்ளைய எதுக்கு வெளிய படுக்க வைக்கணும்? நம்ம நாட்டுல இது நாய்க்குக் கூடச் செய்ய மாட்டோம்."

"நான் இதுல கையெழுத்துப் போட்டா அது பொய்க்கு முத்திரை குத்துற மாதிரிங்க. நாளைக்கு எதுக்கெல்லாம் வெக்கமோ அதுக்கெல்லாம் அவ சாமியத்தான் கூப்பிடுவா."

"அப்ப பைக்கு?"

"பாக்குறேன்."

"எவ்ளோ நாள் இருக்கு?"

"பன்னெண்டு."

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பன்னெண்டு நாள்ல கும்பாபிசேகமே முடிச்சிருவ நீ" என்று மட்டும் சொன்னார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படிவத்தை மடித்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை.

3

அடுத்த நாளே கடைக்குப் போனேன். முகாம் சாமான் விற்கிற பெரிய கடை. ஒரு சுவர் முழுக்க பைகள் தொங்கின. ஒன்றின் மேல் பெரிய எழுத்தில் மைனஸ் இருபது என்று போட்டிருந்தது. விலையும் கையைக் கடிக்கவில்லை. பள்ளிக்கூடம் கேட்டது மைனஸ் பதினைந்து. நான் ஐந்து கூடவே வாங்குகிறேன் என்ற சந்தோசத்தில் அதைத் தூக்கிக்கொண்டு காசாளரிடம் போய்விட்டேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் சாமான் அடுக்கி வைத்துக்கொண்டிருந்த கடைப் பெண் கேட்டாள், யாருக்கு, எங்கே படுக்க என்று. சொன்னேன். அவள் பையைத் திருப்பி உள்ளே தைத்திருந்த சின்ன லேபிளைக் காட்டினாள். அதில் மூன்று எண் இருந்தது. கைகளாலும் முகத்தாலும் விளங்கப்படுத்தினாள். முதல் எண், நன்றாகத் தூங்குகிற குளிர். இரண்டாவது, சுருண்டு படுத்துச் சமாளிக்கிற குளிர். மூன்றாவது, தூக்கம் வராது, ஆனால் விடியும்போது உயிர் இருக்கும். வெளியே பெரிதாகப் போட்டிருந்தது அந்த மூன்றாவது எண்.

"பெண் பிள்ளை என்றால் முதல் எண்ணை மட்டும் பாருங்கள்" என்றாள். அந்தப் பையின் முதல் எண் மைனஸ் இரண்டு.

என் பிள்ளையை உயிரோடு மட்டும் திருப்பித் தருகிற பையை வாங்கிக்கொண்டு சந்தோசமாகப் போயிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

லேபிளைப் பார்த்ததும் என் கைக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. பல்லேகலயில் ஒரு கார்மண்ட்ஸ் தொழிற்சாலையில் நான் ஏழு வருசம் தைத்தேன். மஹய்யாவவிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடி வரை நடந்து, அங்கே குண்டசாலைப் பக்கம் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். எங்கள் தையல் லைனில் போனது எல்லாம் குளிர் நாட்டுக்குப் பஞ்சு வைத்த ஜாக்கெட். பங்குனி வெயிலில், மேலே பேன் கடகடவென்று சுற்ற, வேர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட, மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து என்று லேபிள் தைப்போம். "இந்த நாட்டு ஆளுங்க ஐஸ் பெட்டிக்குள்ளயா குடியிருக்காங்க?" என்று சிரிப்போம். இப்போது அந்த ஐஸ் பெட்டிக்குள் நான் குடியிருக்கிறேன்.

எங்கள் லைனுக்குத் தலைவி குசும் அக்கா. சிங்களப் பெண், குண்டசாலைக்காரி. தைத்து முடித்த ஜாக்கெட்டைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பாள். தையல் ஓடின வரியில் வெளிச்சம் கோடு கோடாக வந்தால் முகத்தைச் சுளிப்பாள். "வெளிச்சம் வார எடத்தால குளிரும் வரும் நங்கி" என்பாள். தங்கச்சி என்பதற்கு சிங்களத்தில் நங்கி, அவளை நாங்கள் அக்கே என்போம். எனக்குப் பெயர் இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

அந்தக் கடையில் ஒவ்வொரு பையாகத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். விலை குறைந்த பை எல்லாவற்றிலும் வெளிச்சம் வந்தது. மேல் துணியையும் அடித் துணியையும் ஒரே ஊசியில் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வெளிச்சம் வராமல், நடுவில் தடுப்புத் துணி வைத்து, ஜிப்புக்குப் பின்னால் தடித்த பட்டி போட்டு, கழுத்தடியில் இழுத்துக் கட்டுகிற கயிறோடு ஒன்று இருந்தது. விலைச் சீட்டைத் திருப்பினேன். என் இரண்டு வாரச் சம்பளம். கொழுவியில் திரும்ப மாட்டும்போது, பூசைத் தட்டைத் திருப்பி வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தேன்.

4

நாலு நாள், வேலை முடிந்ததும் ஒவ்வொரு பழைய சாமான் கடையாக ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில், கிறிஸ்மஸ் மரத்துக்கும் உடைந்த கதிரைக்கும் நடுவில் கிடந்தது. கரும்பச்சைப் பை. தொப்பி வைத்தது. கழுத்துக் கயிறு இருந்தது. ஜிப்புப் பட்டி இருந்தது. தூக்கிப் பிடித்தேன், வெளிச்சம் வரவில்லை. லேபிளில் முதல் எண் மைனஸ் பத்து. ஐந்து குறைவு. ஆனால் விலை எங்கள் வீட்டு ஒரு நேரக் கறிச் செலவு.

லேபிளில் இன்னொன்றும் இருந்தது. உள்ளே பஞ்சு இல்லை, வாத்து இறகு.

நான் தை மாதம் முழுக்க மீன், இறைச்சி என்று மச்சம் தொடாதவள். கடை நடுவில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன். பறவையின் இறகுக்குள் என் பிள்ளை படுக்கலாமா? பிறகு நினைத்தேன், முருகன் படத்தில் மயிலிறகு சொருகி வைத்திருக்கிறேனே, அது எங்கிருந்து வந்தது? வாத்தும் மழையில், பனியில் தன் குஞ்சை இதே இறகுக்குள்தானே வைத்திருக்கும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது.

முன்பின் தெரியாத யாரோ படுத்து எழும்பின படுக்கை. சாவு வீட்டிலிருந்து வந்ததோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததோ. எங்கள் வீட்டில் சாமித்தட்டு இருப்பதும் தாரணி படுப்பதும் ஒரே அறை. அப்படியே உள்ளே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஊரில் என்ன செய்வோம்? மஞ்சள் தண்ணீரில் முக்கி, மிதித்துத் துவைத்து, பிழிந்து காயப்போடுவோம். அதையே செய்தேன். குளிக்கிற தொட்டியில் சுடுதண்ணீர் பிடித்து, சவுக்காரத் தூள் இரண்டு கை அள்ளிப் போட்டு, மஞ்சள் கரைத்து, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி மிதித்தேன். மஹய்யாவ பைப்படியில் மிதித்த மாதிரி, நல்ல மிதி. பிறகு ஒரு நுனியை நான், மறு நுனியை வீட்டுக்காரர், முறுக்கிப் பிழிந்தோம்.

இரண்டு நாள் ஹீட்டர் பக்கத்தில் காய்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இறகெல்லாம் எலுமிச்சம்பழம் அளவில் உருண்டு உருண்டு மூலையில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் துணி. விளக்குக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வந்ததா என்று கேட்காதீர்கள், எதிர் சுவரே தெரிந்தது. சாம்பல் நிறமாக இருந்த உள் துணி நல்ல மாரியம்மன் மஞ்சள்.

தாரணி கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். "அம்மா, இது ஸ்லீப்பிங் பேக் இல்ல. கொழுக்கட்டை மூட்டை."

"சிரிக்காதடி."

"பருப்புக் கறி வாசம் வேற. கரடி வந்தா என்னைத்தான் மொதல்ல தேடும்." பிறகு சிரிப்பு நின்றது. "விட்டுருங்கம்மா. கையெழுத்துப் போட்டுருங்க. எனக்காக இவ்ளோ கஸ்டப்படாதீங்க."

ஐந்து நாள்தான் மிச்சம் இருந்தது. அவள் அப்படி மெல்லிய குரலில் சொன்னதுதான் எனக்கு வீம்பை ஏற்றியது. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

5

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் விளக்கேற்றிவிட்டு, கண்டியில் பின்னேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து குசும் அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவள் இப்போது அதே கார்மண்ட்ஸில், துவைத்துப் பரிசோதிக்கிற அறையில் இருக்கிறாள். அப்போதுதான் வேலை விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பையைக் காமிராவுக்குக் காட்டினேன்.

"அய்யோ நங்கி! யாரு இதுக்கு மஞ்சள் போட்டது? கறி ஆக்கவா?"

"நாந்தான் அக்கே."

"ஏழு வருசம் எங்கிட்ட வேலை செஞ்சது. ஒண்ணும் படிக்கல."

"நான் தைச்சது பஞ்சு. இறகு எனக்குத் தெரியாதே."

"சரி, அழ வேணாம். செத்தது இல்ல இது. மறுபடி கழுவு. சோப்பு எல்லாம் போகணும். மிதிக்காத, முறுக்காத, புள்ளையத் தூக்குற மாதிரி அடியில கை குடுத்துத் தூக்கு. பொறகு மெசினுக்குள்ள போட்டு, குறைஞ்ச சூட்டுல காய வையி. டெனிஸ் பந்து மூணு கூடப் போடு. அது தட்டித் தட்டி உடைக்கும். அரை மணிக்கு ஒரு தரம் வெளிய எடுத்து, மிச்ச உருண்டைய நீ கையால உடை. நாலு மணி, அஞ்சு மணி போகும். பொறுமை வேணும்."

யாருக்குப் பை என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற தாரணியை இழுத்துக் காட்டி, ஆற்றாமையில் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். மதத்தைச் சொல்லித் தப்பப் பார்த்ததையும், படிவத்தையும். குசும் அக்கா எனக்காக அவளை இரண்டு வார்த்தை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது உன்ட மகள் தானே நங்கி! நீ மட்டும் என்ன? திருகோணமலை ட்ரிப்புக்கு விரதம்னு சொன்னது யாரு?"

தாரணி என்னைப் பார்த்தாள். "என்ன ட்ரிப்?"

"வேற கதை பேசுங்க அக்கே" என்றேன்.

"நல்ல சட்டை இல்ல, அதுக்கு வரல. லைனுக்கே விரதம்னு சொன்னது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

ஆமாம், நடந்தது. வருசத்துக்கு ஒரு தரம் கார்மண்ட்ஸில் எல்லோரும் பஸ் பிடித்துக் கடல் பார்க்கப் போவார்கள். அந்த வருசம் திருகோணமலை. நாள் முழுக்க அடுத்தவருக்கு உடுப்புத் தைக்கிற எனக்கு, பத்துப் பேர் முன்னால் போட்டுக்கொண்டு போக ஒரு உடுப்பு இருக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோயில் விரதம், வெளியே சாப்பிடக் கூடாது என்றேன். ஒருவரும் மேலே கேட்கவில்லை.

அது அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. லைனில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் சிங்களமும் முஸ்லிமும். விரதம் இருந்து வராமல் போனவளுக்காக என்று, அவர்கள் கடலில் குளிக்கிற நேரத்தைக் குறைத்துக்கொண்டு, வெயிலில் மலை ஏறிக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் குசும் அக்கா லேஞ்சி என்கிற கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த திருநீறையும் ஒரு வாடின செவ்வரத்தம் பூவையும் என் மெசின் மேல் வைத்தாள். "உன்ட சாமிகிட்ட உனக்கும் சேத்துக் கும்பிட்டது" என்றாள். நான் வாங்கிப் பூசிக்கொண்டேன். நெற்றி எரிந்த மாதிரி இருந்தது. இருபது வருசத்தில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது போனைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டா அக்கே திருநீறு கொண்டு வந்தீங்க?"

"நீ சொன்னது பொய். சாமி பொய் இல்லையே நங்கி" என்றாள் குசும் அக்கா. பிறகு அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டாள்.

6

அன்றைக்கே நானும் தாரணியும் வேலையைத் தொடங்கினோம். பையை மறுபடி கழுவி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே தூக்கிக்கொண்டு, கட்டிடத்தின் கீழ் அறையில் உள்ள காய வைக்கிற மெசினுக்குப் போனோம். பந்து மூன்றும் உள்ளே திருவிழா மேளம் மாதிரி அடித்தது. அரை மணிக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, தரையில் விரித்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துணிக்கு மேலால் உருண்டைகளை நசுக்கிப் பிரித்தோம். நான் ஒரு கட்டம் முடிக்கும்போது அவள் இரண்டு முடித்தாள். சின்ன விரல், என்னுடையதை விட நல்ல விரல். மூன்றாவது தடவை பை லேசாக மூச்சு வாங்கின மாதிரி உப்பியது. ஐந்தாவது தடவை, மெசினில் அடங்காமல் பொங்கி வந்தது. தாரணி கையைத் தட்டினாள்.

மஞ்சள் போகவில்லை. ஐந்து டிகிரி குறைவும் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் ஒரே வழி செய்தேன். எங்களிடம் ஒரு மெத்தென்ற போர்வை இருந்தது. அதை மடித்து, பையின் அளவுக்கே ஒரு உள்ளுறை தைத்தேன். காலடியில் ஒடுக்கம், தோளில் அகலம், கழுத்தில் நாடா. பழைய மெசின்தான், ஆனால் ஏழு வருசப் பல்லேகலக் கை. உள்ளே போட்டால் மஞ்சளும் மறைந்தது, சூடும் கூடியது.

கூடியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் மைனஸ் பதினாலு காட்டியது. பல்கனியில் பனியைத் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பே கொடுத்திருந்த ரப்பர் பாயை விரித்து, பைக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். பிள்ளை படுப்பதற்கு முன் நான் படுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மேல் மாடியில் சிகரெட் குடிக்க வந்தவர் எட்டிப் பார்த்து, "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று இங்கிலீசில் கேட்டார். "வெரி குட், தேங்க் யூ" என்றேன். வீட்டுக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து தாரணி தேத்தண்ணியோடு வந்து என் தலைமாட்டில் குந்தினாள்.

"செத்துட்டீங்களா?"

"காலு சூடா இருக்கு. மூக்குதான் இல்ல."

"அம்மா, அந்த ட்ரிப் கதை. ஏன் என்கிட்ட சொல்லல?"

"வெக்கம்."

"எனக்கும் அதான்."

நான் ஒரு கையை வெளியே எடுத்துத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். பிறகு நான் சொன்னேன், "நீ முகாமுக்குப் போறது மட்டும் போதாது. டீச்சர்கிட்ட போய், அது மதம் இல்ல, நான் சொன்ன பொய்யின்னு ஒன் வாயால சொல்லணும்."

"சொல்லணுமா?"

"சொல்லணும்."

பனியை விரலால் கிளறினாள். "நான் ஒரு டீச்சர்கிட்டதான் சொன்னேன். நீங்க லைன் முழுக்கச் சொல்லிருக்கீங்க. குசும் ஆன்ட்டிக்குத் தெரியும், மத்தவங்களுக்கு? நான் சொல்றேன். நீங்க யார்கிட்ட சொல்வீங்க?"

பதினாலு வயசுக்கு அவள் கணக்கு என் கணக்கைவிட எவ்வளவோ மேல்.

அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். மஹய்யாவவிலிருந்து என்னோடு பல்லேகலவுக்கு வந்த அக்கா தங்கச்சிமார் இந்த மலரை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் திருகோணமலைப் பயணத்துக்கு நான் விரதம் இருக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். நீங்கள் எனக்காக வெயிலில் மலை ஏறினீர்கள். உங்களிடமும் மாரியம்மனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

7

முகாமுக்குப் போகிற நாள் காலையில் பஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் தோளில் மூட்டை. எங்கள் மூட்டையும் அதில் ஒன்று. படிவத்தைக் கொடுத்தேன். மதம் என்று அச்சடித்திருந்த வரியை நான் பேனாவால் வெட்டி, பக்கத்தில் "எங்கள் சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. இவள் வருவாள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதியிருந்தேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்ததாம். திருத்தித் தரட்டுமா என்று தாரணி கேட்டாள். நான் விடவில்லை, அதை எழுதினது நான்.

டீச்சர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தாரணியைப் பார்த்தேன். அவள் காது இரண்டும் சிவந்திருந்தது, குளிரால் இல்லை. கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள். பிறகு பக்கத்தில் இரண்டு சிநேகிதிகள் நிற்கும்போதே சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்கே விளங்குகிற இங்கிலீசில் சொன்னாள். "எங்கள் மதம் தடுக்கவில்லை, பை வாங்க முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு நான்தான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள்."

டீச்சர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அவள் தோளைத் தட்டி, "பை இருக்கிறதா இப்போது?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு. அம்மா செஞ்சது" என்றாள். வாங்கினது என்று சொல்லவில்லை.

இரண்டு ராத்திரி. முகாமில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். நான் வேலையில் கரட் வெட்டினேன், செலரி வெட்டினேன், அரை மணிக்கு ஒரு தரம் காலநிலையைப் பார்த்தேன். இரண்டாம் ராத்திரி மைனஸ் பதினேழு என்று காட்டியது. இரண்டு டிகிரி கூட. அதற்கு நான் உறை தைக்கவில்லையே என்று எழும்பிப் போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். மாரியம்மனிடம் பேரம் பேசக் கூடாது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைச் செய்தால் இதைச் செய்வேன் என்று கேட்கவில்லை. பார்த்துக்கோ ஆத்தா என்றேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பின்னேரம் பஸ் வந்தது. தலை சிக்குப் பிடித்து, உடம்பெல்லாம் புகை நாற்றத்தோடு, ஒரு பையன் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தவில்லை. நான் முதலில் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், பிறகு கன்னத்தை, பிறகு சப்பாத்தைக் கழற்றச் சொல்லி விரலைப் பார்க்கப் போனேன்.

"அம்மா! எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். குளிருச்சாடி?"

"இல்லம்மா" என்றாள். "வேர்த்துருச்சு. நடுவுல எழும்பி ஜிப்பைக் கொஞ்சம் எறக்கி விட்டுட்டுத்தான் தூங்கினேன்."

வெளியே மைனஸ் பதினேழு. என் பிள்ளைக்கு வேர்த்திருக்கிறது.